சப்பரத்துக்குப் பின்னால் பூட்ஸ்

பிடிவாதம் நல்ல குணம் என்று சொல்கிறவர்கள், பிடிவாதக்காரர்களோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்க்காதவர்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார். ஒன்றை மனதில் நினைத்துவிட்டால் அது நடக்கிற வரைக்கும் நான் தூங்கமாட்டேன். அவரையும் தூங்க விடமாட்டேன். அந்தக் குணத்தால்தான், காப்புக் கட்டி ஊரே விரதம் இருந்த நேரத்தில், அம்மன் சன்னதிக்கு எதிரே ஒரு பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வைத்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. (படத்தில்தான். பயப்பட வேண்டாம்.)

எங்கள் ஊர் தேவாரத்துக்குப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மெட்ராஸிலிருந்து ஒரு கூட்டம் வந்து இந்தப் பக்கமெல்லாம் படம் எடுத்தது. துப்பறியும் படம். அப்போது எங்கள் ஊரில் அம்மன் திருவிழா. சப்பரம் புறப்பட்ட ஊர்வலத்தை அவர்கள் அப்படியே கேமராவில் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஊர்வலத்தில் என் அம்மா முளைப்பாரி சுமந்து போனாள்.

படம் வெளிவருவதற்குள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். தம்பி பாண்டி அப்போது கைக்குழந்தை. வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எடுத்துக்கொள்ளவே மாட்டாளாம். (எடுக்காமலும் குறைந்துதான் போனது.)

படம் வந்ததும் அய்யா என்னைச் சைக்கிளில் வைத்துச் சின்னமனூர்க் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். விளக்கு அணைந்த உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தில் போட்டு மூடிவிட்டார். மூச்சு முட்டியது. அலறல் கேட்டது, ஓடுகிற சத்தம் கேட்டது, ஒரு பாட்டுக் கேட்டது. எதையும் பார்க்க விடவில்லை. உறுமிச் சத்தம் கேட்டதும்தான் துண்டை விலக்கினார்.

"அங்கன பாரு, ஓங்கம்மா. ஒன்னயப் பாத்துச் சிரிக்கிறா பாரு."

கண் கூசியது. ஒரு சப்பரம், தலையில் முளைப்பாரி, இந்தப் பக்கம் திரும்பிய ஒரு முகம். அவ்வளவுதான் பார்த்தேன். மறுபடியும் துண்டு விழுந்துவிட்டது.

ஆகவே, என் கணக்கில் அது பக்திப் படம். அதில் நான் பார்த்தது சப்பரமும் முளைப்பாரியும் அம்மாவின் சிரிப்பும் மட்டும்தானே!

அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கேயும் வரவில்லை. டிவியில் போடவில்லை, செல்போனிலும் கிடைக்கவில்லை. சுருள் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னார்கள். தம்பி மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பான். "அக்கா, அம்மா எப்பிடி இருக்கும்?" நானும் அதே பதிலைச் சொல்வேன். "சிரிச்ச மொகம்டா." கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் கேட்டான். ஊரில் என்னை எல்லோரும் அப்பன் ஜாடை என்பார்கள். அவனை யார் ஜாடை என்று சொல்ல ஆள் இல்லை. முகம் சவரம் செய்யும்போது கண்ணாடியில் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பான். சாவதற்குள் இவனுக்கு அம்மாவின் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்று அம்மனிடம் எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறேன்.

அம்மன் கேட்டாள். ஒரு நாள் தம்பி திருப்பூரிலிருந்து போன் செய்தான். (பனியன் கம்பெனியில் வேலை.)

"அக்கா, நம்ம படம் எங்கயோ ஒரு பொட்டில கெடந்துச்சாம். அதத் தொடச்சு, சுத்தம் பண்ணி, வீட்டுல பாக்குற மாதிரி டிஸ்க்காப் போடுறாகளாம். நான் சொல்லிவச்சுட்டேன்."

நான் அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டேன். இந்தப் படத்தை முதன்முதலில் அம்மன் முன்னால்தான் பார்ப்பேன், அதற்கு முன்னால் பார்க்க மாட்டேன் என்று.

"மொதல்ல நம்ம வீட்டுல ஒருக்கா பாத்துட்டு அப்பறம் ஊருக்குக் காட்டு," என்றார் வீட்டுக்காரர்.

"நேந்துக்கிட்டேன்ல."

"என்னயக் கேட்டா நேந்த?"

"சாமி காரியத்துக்கு ஒங்களக் கேக்கணுமாக்கும்?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்றைக்குத்தான் டிஸ்க்கு வந்து சேர்ந்தது. அட்டையில் தொப்பி போட்ட ஒருவன் நின்றான். கையில் கத்தி. கத்தியில் ரத்தம். எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் மனதைத் தேற்றிக்கொண்டேன். நம் அம்மன் கையில் சூலம் இல்லையா, காலடியில் ரத்தம் இல்லையா? அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி அம்மன் பாதத்தில் வைத்துவிட்டேன்.

அடுத்து கோயில் தலைவரைப் போய்ப் பார்த்தேன். ஊரில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது.

"அண்ணே, நம்ம பழைய மரச் சப்பரம் அந்தப் படத்துல இருக்கு. ஒங்க அய்யா முன்ன நின்னு செஞ்சாகள்ல, அந்தச் சப்பரம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சப்பரம் செல்லரித்துப்போய், புதுச் சப்பரம் செய்து வெகுகாலம் ஆகிறது. "நெசமாவா சரசு? என்ன படம் அது?"

"பக்திப் படம் மாதிரிதாண்ணே."

அந்த 'மாதிரி'யை நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. "அப்ப கோயில் மண்டபத்துலயே போட்ருவோம். ஊரே பாக்கட்டும்," என்றார்.

இனி அதைப் போடுகிற பெட்டி வேண்டும். வீட்டில் இருந்த பழைய பெட்டியை எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கியாயிற்று. தேனியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை, மண்ணெண்ணெய் விளக்குக் கேட்டு வந்தவளைப் பார்ப்பது போல இருந்தது. "இப்ப யாரும்மா இதெல்லாம் பாக்குறா?" என்றார். "எங்கம்மாவப் பாக்கணும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் சின்னமனூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் முருகேசன், எங்கேயோ இரவல் வாங்கிக் கொண்டுவருகிறேன் என்றார். பெட்டி வந்தது. அதன் ரிமோட் வரவில்லை. பெட்டியில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் ஓடும், இன்னொரு தடவை அமுக்கினால் அணையும்.

அன்று விளக்கு வைத்த நேரத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பெண்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்து வந்திருந்தார்கள். திருவிழாவுக்காக மரங்களில் குழாய் ரேடியோ கட்டியிருந்தது. முருகேசன் படத்தின் சத்தத்தை அதிலே கொடுத்துவிட்டார். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். பூசாரி திரைக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார். எல்லோரும் திரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். திருப்பூரிலிருந்து வந்த தம்பி முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பரீட்சை எழுத வந்தவனைப் போல முதுகு நிமிர்ந்திருந்தது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படம் தொடங்கியது. ஒரு பெண் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தாள். பின்னால் கையுறை போட்ட இரண்டு கைகள் வந்தன. அவள் போட்ட அலறல், குழாய் ரேடியோ வழியாக மலையில் முட்டித் திரும்பி வந்தது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள், யார் வீட்டிலோ இழவு விழுந்துவிட்டது என்று மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள்.

"ஏலே முருகேசா, நிப்பாட்றா!" என்று தலைவர் கத்தினார். முருகேசன் பொத்தானை அமுக்கினார். திரை வெளுத்தது.

பூசாரி எழுந்தார். "எதுக்கு நிப்பாட்டுனீக? சூடங்காட்டி ஆரம்பிச்சத பாதியில விடக்கூடாது தலைவரே. காப்புக் கட்டியிருக்கு. தடங்கல் ஆகிப்போகும்."

"அது கொலைப் படம்யா!"

"கொலைப் படமோ கோயில் படமோ, சூடங்காட்டியாச்சு."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மண்டபத்து விதானத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லை. முருகேசன் மறுபடி பொத்தானை அமுக்கினார். பெட்டிக்கு விட்ட இடம் ஞாபகம் இல்லை. முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்தப் பெண் மறுபடி தலை சீவினாள். மறுபடி கைகள் வந்தன. பாவம், இரண்டாவது தடவையும் செத்தாள்.

"சரசு, இதுவா பக்திப் படம்?"

"பொறுங்கண்ணே, சப்பரம் வந்துரும்."

சப்பரம் வரவில்லை. ஹோட்டல் வந்தது. ஹோட்டலில் ஒருத்தி மினுமினுப்பாக ஏதோ போட்டுக்கொண்டு ஆடினாள். (போட்டிருந்தது கொஞ்சம், மினுமினுத்ததுதான் அதிகம்.) பெண்கள் எல்லோரும் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார்கள், ஒரு கண்ணை மட்டும் விட்டு. அய்யா எதற்காகத் துண்டு போட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊர் முழுவதற்கும் போர்த்துகிற மாதிரி ஒரு துண்டு கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

"சப்பரம் எங்க சரசு?"

"வந்துரும்ணே. பொறுங்க."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. "அவளும் கல்யாணமான நாள்லருந்து இதத்தான் சொல்றா."

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில்தான் கூட்டம் இளகியது. கொலைகாரன் லோயர் கேம்ப் மின்நிலையத்தில், மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற பெரிய பெரிய குழாய்களுக்கு நடுவே ஓடினான். போலீஸ் துரத்தியது. அவன் ஒரு சுவரைத் தாண்டிக் குதித்தான். குதித்த இடம் வைகை அணைப் பூங்கா.

"ஏத்தா, அங்கன குதிச்சவன் இங்கன எப்பிடி வந்தான்?" என்றாள் பேச்சியக்கா. எங்கள் தெருக்காரி. வாயை மூடத் தெரியாது. "நம்ம போறதுன்னா பஸ்ஸு மாறி மாறிப் போகணும்."

"கொலைகாரனுக்கு நேரா பஸ்ஸு விட்ருப்பாக" என்றார் யாரோ.

கொஞ்ச நேரத்தில் முந்தானைகள் எல்லாம் இறங்கிவிட்டன. பேச்சியக்கா ஆளாளுக்குச் சந்தேகப்பட்டாள். "அந்தச் சித்தப்பன் முழியே சரியில்ல." "இல்லக்கா, டாக்டருதான். பாரு, எந்நேரமும் கையக் கழுவுறான்." மண்வெட்டியோடு வந்தவர்கள் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர்கூட, "கணக்குப்பிள்ளையா இருக்குமோ?" என்று பக்கத்தில் குசுகுசுத்தார். தம்பி மட்டும் அசையவில்லை. என் கையைப் பிடித்திருந்தான்.

அப்போது உறுமி கேட்டது.

எங்கள் அம்மனுக்கென்று வாசிக்கிற அதே அடி. அம்மன் சன்னதி முன்னால், காப்புக் கட்டிய காலத்தில், மரத்துக்கு மரம் குழாயில் முழங்குகிறது. திரையின் மூலையில் பழைய மரச் சப்பரத்தின் உச்சி தெரிந்தது. "அய்யோ, எங்கய்யா செஞ்ச சப்பரம்!" என்று தலைவர் எழுந்தார். அதே நேரம் பூசாரிக்கு அருள் வந்துவிட்டது.

ஊரே எழுந்து நின்றுவிட்டது. குலவைச் சத்தம். என் முன்னால் முதுகுகள். திரையில் இந்த நேரம் அம்மா நடந்து போய்க்கொண்டிருப்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைவரின் ஈரத் துண்டு. "அக்கா, தெரியலக்கா!" என்று தம்பி எம்பி எம்பிக் குதித்தான். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். தூண் ஓரம் பானக அண்டா மூடியிருந்தது. யோசிக்கவில்லை. ஏறிவிட்டேன். மூடி ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்து, முழங்கால் வரைக்கும் எலுமிச்சையும் வெல்லமும் குளுகுளுவென்று ஏறியது.

நான் அண்டாவுக்குள் நின்றபடி கழுத்தை நீட்டினேன். திரையில் ஊர்வலத்தின் வால் தெரிந்தது. அப்புறம் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வந்துவிட்டது.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். "போயிருச்சாக்கா?" என்றான். அந்தக் கேள்வியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதற்குள் சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. நான் பானகத்துக்குள் கைகூப்பினேன். சாமி என்னைக் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது.

"என் எல்லைக்குள்ள எவன்டா செருப்போட வந்தவன்? எம் பின்னாலயே வாரான்டா!"

எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். எல்லாம் வெறுங்கால். முருகேசன்கூட வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். பேச்சியக்காதான் பளிச்சென்று சொன்னாள்.

"தாயி, படத்துல சப்பரத்துக்குப் பின்னால பூட்ஸு போட்டுக்கிட்டு ஒருத்தன் போனான். அந்த டாக்டருதான! அவந்தான் கொலைகாரனா தாயி?"

சாமி அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு மலையேறியது.

அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. போலீஸ் சித்தப்பனை விசாரித்தபோது "அவன விடுங்கய்யா" என்று கூட்டமே சொன்னது. கணக்குப்பிள்ளையை அடித்தபோது "பாவம்" என்றார்கள். கடைசியில் துப்பறிகிறவர் எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, கைரேகை, உடைந்த கண்ணாடி, ரயில் டிக்கெட் என்று நீட்டிக்கொண்டே போய், "கொலைகாரர் இந்த டாக்டர்தான்!" என்றபோது, அறைக்குள் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். எங்கள் மண்டபத்தில் குலவை போட்டார்கள்.

"கைரேகையாம் கைரேகை," என்றாள் பேச்சியக்கா. "எங்காத்தா எப்பவோ சொல்லிருச்சு."

நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பூசாரியும் திரையில் பூட்ஸைப் பார்த்திருக்கலாம். நான் கேட்கவில்லை. அம்மன் பேசியதை நான் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் தலைவர் என்னைக் கேட்டார். இனிமேல் கோயிலில் படம் போடுகிற பேச்சே கூடாது என்றார். நான் கால் வைத்த பானகத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊருக்கே கரைக்கச் சொன்னார். கரைத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து பிழிந்து விரல் எரிந்தது. அதைவிட, திரும்பிப் பார்த்துக் கேட்ட தம்பியின் முகம் என்னை எரித்தது. விட்டுவிடுகிற ஆளா நான்? பானகம் கரைத்த கையோடு முருகேசனைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ரிமோட்ட எங்க இருந்தாலும் கொண்டாங்க. கொண்டாராம நாளைக்கு எந்தக் கல்யாணத்துக்கும் போகக்கூடாது."

"அக்கா, நாளைக்கு முகூர்த்த நாளு."

"அப்ப இப்பமே போங்க."

மறுநாள் காலையில் ரிமோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்புக் கட்டினால் வெளியூரில் ராத்தங்கக்கூடாது என்பதால் தம்பியும் திருப்பூர் போக முடியாமல் இங்கேதான் இருந்தான். (நல்லதாகப் போயிற்று.) வீட்டு டிவியில் பெட்டியை மாட்டினார். நேர்ச்சைதான் முடிந்துவிட்டதே, இனி எங்கே பார்த்தால் என்ன. நான், தம்பி, வீட்டுக்காரர். முருகேசன் படத்தை ஓட்டி ஓட்டி உறுமிக்குக் கொண்டுவந்தார்.

சப்பரம் வந்தது. பின்னால் டாக்டர் பூட்ஸோடு நடந்தான். அவன் பக்கத்தில் முளைப்பாரியோடு ஒரு பெண்.

"நிப்பாட்டுங்க," என்றேன்.

படம் நின்றது. துடைத்து எடுத்த படம் அல்லவா, மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது. என் அம்மா. என்னைவிட எவ்வளவோ சின்னவள், என் மகள் வயதுகூட இருக்காது.

அவள் சிரிக்கவில்லை.

தலைச் சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, டாக்டரின் பூட்ஸைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். முருகேசன் மெதுவாக ஓட்டினார். முறைப்பு பூட்ஸிலிருந்து அவன் முகத்துக்கு ஏறியது. உதடு அசைந்தது. உறுமிச் சத்தத்தில் வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு புருவம் மேலே, ஒரு புருவம் கீழே, மூக்கு விடைத்து, கீழுதடு உள்ளே மடிந்து. படம் எடுக்க வந்த நடிகன் என்றுகூடப் பார்க்காமல், "ஏலே, செருப்பக் கழத்துறா" என்கிறாள்.

துண்டுக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்த பிள்ளையிடம் அய்யா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. வேறு என்ன சொல்வார் பாவம்.

"பாண்டி," என்றேன். "சிரிச்ச மொகம்னு சொல்லிட்டேன்டா இத்தன வருசமா."

தம்பி திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் வந்தது.

"அக்கா... இந்த மொகம் எனக்குத் தெரியும்க்கா. இது நீ முறைக்கிற மாதிரியில்ல இருக்கு! நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டப்பல்லாம் இதத்தான பாத்தேன்."

"போடா. நான் அய்யா ஜாடை."

"மச்சான், நீங்க சொல்லுங்க."

வீட்டுக்காரர் டிவிக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்தவர், காலில் சேற்றோடு செருப்பு. காலையில்தான் தரையைக் கழுவிவிட்டிருந்தேன். சாமி படம் இருக்கிற வீடு, காப்புக் கட்டின காலம். நான் அவர் காலைப் பார்த்தேன். அப்புறம் முகத்தைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன், அவ்வளவுதான்.

அவர் திரையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டபடியே வாசலுக்குப் பின்வாங்கினார்.

"எப்பா, அத்தை வந்துட்டாக!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. நான் முறைத்தால் பிள்ளைகள், மருமக்கள், எல்லோரும் முதலில் தங்கள் காலைத்தான் பார்ப்பார்கள். தம்பி அந்த முகத்தைப் போட்டோவாகப் போட்டு, சட்டம் அடித்து, திருப்பூர் வீட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறான். அதற்குத் தினமும் பூ வைக்கிறானாம். அந்த வீட்டுக்குள் இதுவரைக்கும் ஒரு ஆளும் செருப்போடு நுழைந்ததில்லை.